பேரைச் சொல்லு

ஐஸ்பெட்டியைத் திறக்கப்போன சிப்பாயின் கையை டிரைவர் லெட்சுமணன் எட்டிப் பிடித்தான். கடுகண்ணாவைச் சோதனைச்சாவடியில் இருந்த துவக்குகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின.

"சூடு பட்டா மருந்து கெட்டுப்போகும் சேர். எயிட்ஸ் வந்தவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கூடுதான்னு கண்டியில போட்டுப் பாக்குற ஊசி."

எயிட்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் சிப்பாய்கள் விலகிக்கொண்டார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி மட்டும் அவனை மணல்மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"ஊசி போட யார் யார் வாறாங்க? பேரைச் சொல்லு."

"எல்லாருக்கும் நம்பர்தான் சேர்."

"பொய். நீ ஆளுங்களைப் பாத்திருப்பே." துவக்கு அவன் நெஞ்சில் அழுந்தியது.

"பாத்திருந்தாலும் சொல்ல மாட்டேன் சேர். வெளிய தெரிஞ்சா அவங்க வாழ்க்கையே போயிரும்."

அதிகாரி துவக்கை மெல்லத் தாழ்த்தினார்.

"சீக்கிரம் போ, ஐஸ் கரையுது. ஒன்பதாம் நம்பர் நான்தான்."