நீலம் பிடிக்காத இடம்

மாநிலப் போட்டியில் கடைசிக் குண்டு இலக்கையே தொடாமல் போன அன்று சுமித்ரா தன் கைத்துப்பாக்கியை விற்றுவிட்டாள். இரண்டு வருடம் கழித்து, துப்பாக்கி சுடும் கிளப்பில் மலிவாக வந்த பழைய கைத்துப்பாக்கி ஒன்றைக் கணவன் மோகனசுந்தரம் தன் லைசென்ஸில் வாங்கி வந்தான்.

“துரு மேலோடதான் சுமி. உள்ள ஒரு குறையும் இல்ல. ஒருக்கா பாரேன்.”

“எனக்குக் காட்டாதீங்க. இந்தக் கை இனி அதைத் தொடாது.”

அவன் பொறுமையாகத் துருவைத் தேய்த்தெடுத்தான். மறுபடி துரு ஏறாமலிருக்க இரும்புக்கு நீலம் ஏற்றும் மருந்தைத் தடவுமுன் இரும்பில் பிசுக்கே இருக்கக் கூடாது. விரல் பட்டால்கூட அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. கையுறை மாட்டிக்கொண்டு ஸ்பிரிட்டால் துடைத்து, மேசைமேல் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனான்.

திரும்பி வந்து மருந்தைத் தடவினான். வெளிறிய இரும்பு மழைமேகமாகக் கறுத்து நீலமானது. கைப்பிடிக்கு மேலே, குறி பார்ப்பவரின் கட்டைவிரல் படியும் இடம் மட்டும் வெளுப்பாகவே நின்றது. அதில் ரேகை ரேகையாக ஒரு சின்னக் கட்டைவிரல்.

அடுப்படியில் பாத்திரம் தேவைக்கு அதிகமாகவே உருண்டது.

“நல்லா வந்துதுங்களா?” என்று அங்கிருந்தே கேட்டாள் சுமித்ரா.

“அருமையா வந்திருக்குது” என்றான், அதை அழிக்க எடுத்த உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி.