பேபி அழணும்

“ஷ்ஷ்! பேபி தூங்கறாங்க” என்று உதட்டில் விரலை வைத்த மேக்கப் அண்ணன், கேரவன் கதவைப் பூனை நடையில் வந்து சாத்தினார்.

குழந்தைக்குக்கூட ‘ங்க’ போட்டுப் பேசும் இந்த மரியாதை அன்று புதிதாக வந்தவளுக்குப் பிடித்துப்போனது. காலையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளை மட்டும் எல்லாரும் ‘ஏய் புதுசு’ என்றுதான் கூப்பிட்டார்கள். ‘உதவி இயக்குநர்’ என்ற அட்டை அவள் கழுத்தில் தொங்கியது. படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

டைரக்டர் மர நிழலில் நாற்காலி போட்டு, கன்னத்தில் கை வைத்திருந்தார். எடுப்பது சீரியல்தான், ஆனால் மனிதர் யதார்த்தவாதி. எப்போதோ ஒரு குறும்படத்துக்கு விருது கொடுத்துவிட்டார்கள். அன்று பிடித்த யதார்த்தம் இன்னும் அவரைவிட்டு இறங்கவில்லை.

“இங்க பாரு புதுசு. குடும்பமே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகுது. பேபி வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்து அழணும். இவ்வளவுதான் சீன். மூணு நாளா எடுக்கறேன், ஒரு சொட்டு வரல.”

“சார், அழச் சொல்லி...”

“மூச்! சொல்லிட்டா அது நடிப்பு. தானா வரணும். பேபிகிட்ட சீன் என்னன்னு எவனாவது வாயத் திறந்தீங்க, தொலைச்சுடுவேன்.”

சொன்னாலும் புரிந்துவிடவா போகிறது என்று புதுசு மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

“மத்தியானத்துக்குள்ள பேபி அழுதாகணும். இல்லேன்னா நேத்து இருந்தவன் போன வழியிலயே நீயும் போயிடலாம்.”

புதுசு கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த வேலையும் ஊற்றிக்கொண்டால் மறுநாளே மாமாவின் டைல்ஸ் கடையில் உட்கார வேண்டும் என்பது அப்பாவோடு போட்ட ஒப்பந்தம். மாமா நல்லவர்தான். ஆனால் துக்க வீட்டில் அவர் தலை குனிந்து நின்றால் அது சோகமில்லை, தரையைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

அவள் காஸ்ட்யூம் அக்காவிடம் ஓடினாள். அக்கா யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பேபி எப்படி? ரொம்பப் படுத்துமா?”

“சேச்சே, தங்கம்! பல்லு இல்லையா, சோத்தை மட்டும் நல்லாக் குழைச்சுக் குடுக்கணும். நடக்கும்போது கையைப் பிடிச்சுக்கோ. சாப்பிட்டதும் ஒரு தூக்கம். அவ்வளவுதான்.”

“நடிப்பு எப்படி?”

“நல்லாக் கேட்டே போ! சினிமா, சீரியல், விளம்பரம்னு பேபி பார்க்காத கேமராவா? தூக்கத்துல எழுப்பினாக்கூட லைட் எந்தப் பக்கம்னு பார்த்துத்தான் மூஞ்சியத் திருப்புவாங்க.”

புதுசுக்குக் காதில் புகை வந்தது. அந்த வயதில் அவள் செய்த ஒரே சாதனை மண்ணைத் தின்றதுதான்.

“அப்புறம் ஏங்க்கா அழ மாட்டேங்குது?”

“யாருக்குத் தெரியும்? முந்தாநேத்து பக்கத்துல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சோம். மொத்த யூனிட்டும் அழுதுச்சு, பேபி சிரிச்சாங்க. நேத்து சோகப் பாட்டு போட்டோம், தாளம் போட்டாங்க.”

மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் கேரவனைப் பார்ப்பதும் புதுசைப் பார்ப்பதுமாக இருந்தார். அவளுக்கு அந்தப் பார்வையில் பளபளவென்று டைல்ஸ் தெரிந்தது.

இனி பாவம் பார்த்தால் ஆகாது. சாமான்கள் வைத்திருந்த அறைக்குள் புகுந்து குடைந்தாள். உடைந்த சிம்மாசனத்துக்கு அடியில் ஒரு கரடி முகமூடி கிடைத்தது. கோரைப்பல், தொங்கும் நாக்கு, ஒரு காது மட்டும் இல்லை. பெரியவர்களே பயந்து ஓடுகிற மூஞ்சி.

‘பேபி, என்னை மன்னிச்சுடு’ என்று ஒரு தடவை வேண்டிக்கொண்டு முகமூடியை மாட்டினாள். கேரவன் கதவைப் படாரென்று திறந்து, உள்ளே குதித்து, இரண்டு கைகளையும் தூக்கி, “ர்ர்ர்ர்ராஆ!” என்று கத்தினாள்.

கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, சீப்பை நிறுத்தாமலே கரடியைப் பார்த்தார்.

“கதவைச் சாத்தும்மா. ஏசி வெளிய போகுது.”

கரடி கதவைச் சாத்தியது. புதுசு முகமூடியைக் கழற்றிவிட்டு உள்ளே கண்ணாலேயே துழாவினாள். தொட்டில் இல்லை, பால் புட்டி இல்லை, பேபியும் இல்லை. கடைசி வாய்ப்பும் போயிற்று என்று தெரிந்ததும் அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

“பாட்டி, பேபிய யார் தூக்கிட்டுப் போனா? இன்னிக்கு பேபி அழலேன்னா எனக்கு வேலை போயிடும் பாட்டி. மாமா கடையில போய் டைல்ஸ்தான் விக்கணும்.”

“அழணுமா? எதுக்கு அழணும்?”

“வீட்டை விட்டுப் போற சீனாம். திரும்பிப் பார்த்து அழணுமாம்.” புதுசு மூக்கை உறிஞ்சினாள். “ஆனா பேபிகிட்ட மட்டும் அதைச் சொல்லக் கூடாதாம்.”

பாட்டி சீப்பைக் கீழே வைத்தார்.

“அறுபது வருஷமா டைட்டில்ல என்னைத்தாம்மா ‘பேபி’ன்னு போடறாங்க, சொல்லு, எந்தக் கண்ணுல தண்ணி வேணும்?”