வாசலில் நின்ற இரத்தக்காட்டேரி

இரண்டு மணி நேரமாக அந்த இரத்தக்காட்டேரி, கணினி விளையாட்டில், பெனிஸ்டனின் மாளிகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வீட்டார் அழைக்காமல் நுழைந்தால் அவள் சக்தியெல்லாம் போய்விடும். வேண்டாமென்றால் விளையாட்டின் அமைப்பில் நீக்கிவிடக்கூடிய விதிதான், பெனிஸ்டன் நீக்கவில்லை. விடிந்தால் அவள் சாம்பல்.

"உள்ள வரலாமா?" ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் கெஞ்சியது.

சமையலறையிலிருந்து அம்மா ஜெயபாய் எட்டிப் பார்த்தாள். "யாருலே அது?"

"விளையாட்டுல வார ரத்தக்காட்டேரிம்மா. உள்ள கூப்பிட்டா நம்ம ரத்தத்தக் குடிச்சிரும்."

"குடிச்சிட்டுப் போவுது. பொம்பளப் பிள்ளைய வாசல்ல நிப்பாட்டி வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?" அவள் மைக்கருகே குனிந்தாள். "உள்ள வாம்மா. சீலாமீன் கொழம்பு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ."

ஸ்பீக்கரில் அதே குரல் கேட்டது.

"நெசமாவே வரட்டுமா அத்தை? ஒங்க கேட்டுக்கு வெளியதான், போன்ல இந்த விளையாட்ட ஆடிக்கிட்டு நிக்கேன். வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்ன ஒங்க மருமவ, ஜெபிஷா."