முன்பதிவான படுக்கை

வீடிழக்கப் போகிறவர்களை முன்கூட்டியே கணித்துப் படுக்கை ஒதுக்கும் கணினி வந்த பிறகு, காப்பகப் பொறுப்பாளர் சுலோசனாவின் வேலை பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் அன்று காலை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்ற பெரியவர் தேவசகாயத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னையிலிருந்து எனக்கு இங்க பெட் இருக்குன்னு மெசேஜ் வந்திருக்கும்மா. நான் பெரம்பூர்ல மகன் வீட்ல இருக்கேன். பேரை எடுத்துடுங்க. வேற யாருக்காவது உதவும்."

கணினி இதுவரை ஆள் மாற்றிச் சொன்னதில்லை. சுலோசனா குழப்பத்தோடு உள்ளறைக்குப் போய், பதிவில் இருந்த எண்ணில் அவர் மகனுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் பதறினான்.

"அப்பாகிட்ட நாங்க இன்னும் சொல்லவே இல்லையே, மேடம்! நானும் என் ஒய்ஃபும் பேசிக்கிட்டுதான் இருக்கோம். முடிவுகூடப் பண்ணல. அதுக்குள்ள எப்படி..."

"அப்ப ரத்து பண்ணிடட்டுமா, சார்?"

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அங்க சாப்பாடெல்லாம் எப்படி, மேடம்?"

சுலோசனா போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க ஐயா."

"உக்கார நேரமில்லம்மா," என்றார் தேவசகாயம். "காய் வாங்கிட்டுப் போகணும். மருமக காத்துக்கிட்டிருக்கும்."