கனத்த கல்

"லாரி உறுமுது வாத்தியாரய்யா. வெரசா பாருங்களேன்," என்றாள் மருதம்மாள்.

மெர்போக் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்ற லாரியில் நாற்பது ஆண்கள். எல்லாரும் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு. கடைசி வரிசையில் அவள் புருஷன் குழந்தைவேலு. போனவர்களில் இதுவரை ஒருவரும் திரும்பவில்லை.

ஜப்பான்காரர்களின் பட்டறைகளுக்கு வைரம் வேண்டும். அசல் வைரம் கொடுத்தால் அந்த வீட்டு ஆளை இறக்கிவிடுவதாக ஜப்பானிய அதிகாரி சொல்லியிருந்தார். கல்லைச் சோதிக்கத்தான் சுங்கைப்பட்டாணியிலிருந்து விஞ்ஞான வாத்தியார் வல்லிபுரத்தைப் பிடித்து வந்திருந்தார்கள்.

அவள் காதுத் தோட்டிலிருந்து கழற்றிய கல்லை அவர் வெளியே ஒரு தரம், தண்ணீருக்குள் ஒரு தரம் நிறுத்தார். பருமனுக்கு மிஞ்சிய கனம். வெறும் வெள்ளைப் புஷ்பராகம்.

"எங்கப்பா பினாங்குல வாங்குனது. அசல்தானே?"

"அசல்தான் பிள்ளை. நீ வாய் திறவாதே."

அதிகாரி தராசின் மேல் குனிந்தார். "வைரம் இவ்வளவு கனக்குமா?" என்றார் ஆங்கிலத்தில்.

வல்லிபுரம் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "வைரமும் கரிதான், ஐயா. கரியில் இரண்டு வேறு எடைகளில் அணு உண்டு. சாதாரண வைரத்தில் கனமானது நூற்றுக்கு ஒன்று. இதில் ஏராளம்."

"அப்போது படிகம் மாறிவிடாதா?"

"அடுக்கு அதேதான். அணுக்கள் மயிரிழை நெருங்கி நிற்கும், அவ்வளவே."

"ஏன் நெருங்க வேண்டும்?"

"கனமானது குறைவாக அதிரும். குறைந்த இடம் போதும்."

அதிகாரி நல்ல மாணவனைப் போலத் தலையாட்டினார். சிப்பாய் குழந்தைவேலுவைக் கையைப் பிடித்து இறக்கினான். மருதம்மாள் வாத்தியார் காலில் விழப் போனாள்.

"ஓடுங்கோ ரெண்டு பேரும். திரும்பிப் பார்க்காதேங்கோ."

அவர்கள் ரப்பர் மரங்களுக்குள் மறையும்வரை அதிகாரி பொறுத்திருந்தார். பிறகு வல்லிபுரத்தின் தோளில் கை வைத்தார்.

"அருமையான பாடம். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷம் நானும் இதைத்தான் நடத்தினேன். அத்தனை அணுவும் கனமானதாகவே இருந்தாலும் வைரத்தின் எடை பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் கூட முடியாது. இந்தக் கல்லில் ஏழில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. ஆள் எண்ணிக்கை குறையக் கூடாது, வாத்தியார். லாரியில் ஏறுங்கள்."