பங்குனியில் பாசி

"அப்பா, மிதிச்சுடாதீங்க! காலுக்குக் கீழ பாசி!"

முத்துகிருஷ்ணன் தூக்கிய காலை அப்படியே நிறுத்தினார். தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில், கப்பல் அலுவலகத்துத் தலைமை கிளார்க் அவர். ஞாயிற்றுக்கிழமை காலைக் குளியலை முடித்து, திருநீறு பூசி, தோளில் ஈரத்துண்டோடு கொல்லைப் பக்கம் உலாத்த வந்திருந்தார். கல்லூரியில் தாவரவியல் படிக்கும் மகள் சங்கவி, கையில் லென்ஸோடு மண்ணில் குந்தியிருந்தாள்.

"பாசி எங்கதான் இல்ல? நம்ம பாத்ரூம்ல வந்து பாரு."

"இது வேறப்பா. நிறத்தைப் பாருங்க."

பார்த்தார். பங்குனி வெயிலில் அவர்கள் குடியிருந்த டெலானிபூர் மேடு முழுக்கப் புல் காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் முழ அகலத்துக்குப் பச்சையும் எலுமிச்சை மஞ்சளுமாகப் பட்டு விரித்தது போலிருந்தது. அதன்மேல் தலைமுடி கனத்தில் சிவப்புக் காம்புகள். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் குட்டியாக ஒரு பச்சை மணி. அவருக்கே அழகாகத்தான் தெரிந்தது.

"பேரு ஃபிலோனோட்டிஸ். இலையை லென்ஸ்ல பாத்துட்டேன், புஸ்தகத்தோட ஒத்துப்போகுது. ஒண்ணுதான்ப்பா புரியல. ராத்திரி பகலாத் தண்ணி கசியற இடத்துலதான் இது இப்படிச் செழிக்கும். இங்க மழை பேஞ்சு மூணு மாசமாச்சே!"

முத்துகிருஷ்ணனுக்குப் பொறி தட்டியது. காலனிக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர், அதுவும் அரை மணி நேரம். பாசிக்கு இரண்டடி தள்ளி, பக்கத்து வீட்டு நீலாவதியின் சமையலறைச் சுவர்.

"திருட்டு லைன்!" என்று கத்தினார்.

நீலாவதி புருஷனைப் பறிகொடுத்தவள். படகுத்துறையில் வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். இந்த வெயிலிலும் அவள் வாசலில் செம்பருத்தி பூத்துக் குலுங்குவது ஒரு மாதமாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. காலனிச் சங்கத்தின் செயலாளர் ஆயிற்றே, சும்மா இருக்க முடியுமா? தண்ணீர்க் குழாய் லைன்மேன் ஹரிஹரனுக்குப் போன் போட்டுவிட்டார்.

மனைவி விசாலாட்சி பதறிக்கொண்டு வெளியே வந்தாள். "வேணாங்க. திருட்டு லைன்னு தெரிஞ்சா அந்த வீட்டுக் குழாயையே வெட்டிடுவாங்க. அவ பொழப்பு போயிடும்."

"போகட்டும்! நம்ம வீட்டுக்கும் அதே அரை மணி நேரத் தண்ணிதான். நீ சிக்கனமாக் குடும்பம் நடத்தல? நான் ரெண்டு வேளை குளிக்கல? மனசு சுத்தமா இருந்தா எல்லாம் பத்தும்."

விசாலாட்சி அவர் தோளிலிருந்த ஈரத்துண்டைப் பார்த்தாள்.

"நான் பாசிக்குத்தான்ப்பா பேர் கண்டுபிடிச்சேன், திருடனுக்கு இல்ல" என்றாள் சங்கவி. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

ஹரிஹரன் கடப்பாரையோடு வந்து சேர்ந்தபோது, நீலாவதி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"அண்ணே, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது! செடிக்கு அரிசி களைஞ்ச தண்ணிதான் ஊத்தறேன். குழாயை வெட்டிட்டா நான் அடுப்பையே மூடணும்ணே!"

"மனுஷங்க பொய் சொல்லுவாங்கம்மா. பாசி சொல்லாது. நீ தோண்டுப்பா!"

அரையடி ஆழத்தில் கடப்பாரை 'சளக்'கென்று இறங்கியது.

"அரே பாப்ரே!" என்றான் ஹரிஹரன். "கறுப்பு ஹோஸ், சாப். மேல ரோட்டு மெயின் பைப்ல இருந்து இழுத்திருக்காங்க, அதுல எப்பவும் தண்ணி ஓடும். ஜாயின்ட்ல லீக்."

நீலாவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, இது எப்படி இங்க வந்துச்சுன்னு தெரியலையே!"

"நடிக்காதே! ஹரிஹரா, முழுசா இழு. எந்த அடுப்படிக்குப் போகுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

ஹரிஹரன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். மண் கோடு போட்டது போலப் பிளந்துகொண்டு வந்தது. ஹோஸ் நீலாவதியின் சுவர் வரைக்கும் போனது. ஆனால் உள்ளே நுழையவில்லை. சுவரை ஒட்டியே வளைந்து திரும்பியது.

"இங்க இன்னொரு திட்டுப் பாசி..." என்று சங்கவி அதன் கூடவே நடந்தாள். "இங்க ஒண்ணு... இங்க..."

சட்டென்று நின்றாள். அவள் நின்ற இடம் அவர்கள் வீட்டுக் குளியலறையின் பின்சுவர். ஹோஸ் அந்தச் சுவரைத் துளைத்து உள்ளே போயிருந்தது.

முத்துகிருஷ்ணன் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த துளையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது... இது யார் செஞ்ச வேலை?"

விசாலாட்சிதான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"போன வருஷம் நீங்க லீவுல மெயின்லேண்ட் போயிருந்தப்போ ஆள் வெச்சு நான்தான் போட்டேன். தினம் ரெண்டு வேளை, வேளைக்கு நாலு பக்கெட் குளியல். அரை மணி நேரத் தண்ணியில அது எப்படி நடக்குதுன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"