பெல் அடிக்காத கண்டக்டர்

"அம்மா, அந்தக் கண்டக்டர் மறுபடியும் வந்து நிக்கறார்!"

ஜிஸ்னா கத்தியதும் எல்சி ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். கேட்டருகே சுகுணன். இரிஞ்ஞாலக்குடா – திருச்சூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர்.

"இன்னொரு இடத்திலயும் வந்திருக்கு, மோளே. 'நாட்டு வெடி'ன்னு ஒரு பக்கமாம். நீ கேட்டாத்தான் எடுப்பாங்களாம்."

"அதான் நான் போட்டதை அப்பவே எடுத்துட்டேனே சேட்டா! ஊர்ல உள்ளவன் எல்லாம் போட்டா நான் என்ன பண்றது?"

"ஒரு தடவை எழுதிக் கேளு மோளே. அது எங்கேயும் இருக்கக் கூடாது."

எல்லாம் போன வாரத்து வினை. சலுகை டிக்கெட் என்பதால் மற்றவர்கள் ஏறி முடிக்கும்வரை பள்ளிப் பிள்ளைகளைப் படியில் கால் வைக்க விட மாட்டார்கள். அன்று சுகுணனும் கையை நீட்டித் தடுத்தார். பிளஸ் டூ படிக்கும் ஜிஸ்னாவுக்கு வந்ததே கோபம்!

"பையை மாட்டிக்கிட்டா கலெக்டர்னு நினைப்பா? நாலெழுத்து படிச்சிருந்தா இந்தப் பிச்சைக்காரப் பொழப்புக்கு வந்திருப்பியா?"

அதற்கு மேல் அவள் பேசியதைப் பத்திரிகையில் எழுத முடியாது. தோழி ரியா படம் பிடிக்க, ஜிஸ்னாவே 'பெண் சிங்கம்' என்று பெயர் சூட்டி இன்ஸ்டாகிராமில் போட்டாள். லைக் கொட்டியது. எல்சி "போனைக் கிணத்துல போட்டுடுவேன்" என்று மிரட்டிய பிறகுதான் அழித்தாள். அதற்குள் அதைப் பலர் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள்.

"பாவம்டி, மானம் போச்சேன்னு மனுஷன் தவிக்கறார். கேட்டுக் குடு" என்றாள் எல்சி.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஜிஸ்னா எழுதிக் கேட்டாள். அடுத்த வாரமும் அவர் வந்தார். அதற்கடுத்த வாரமும்.

ஒருநாள் ரியா போனில் சிரித்தாள். "டீ, உன் கண்டக்டர் இன்னிக்குப் பண்ணின கூத்து தெரியுமா? பின் சீட்டுப் பசங்க உன் வீடியோவைப் பார்த்துச் சிரிச்சாங்க. 'அழிச்சாத்தான் பெல் அடிப்பேன்'னு நின்னுட்டார். பஸ் நகரவே இல்ல. பின்னாடி வந்த வண்டிக்காரன் முந்திப்போய் அடுத்த ஸ்டாப் ஆளுங்களை எல்லாம் அள்ளிக்கிட்டான்!"

"இவ்வளவு ரோஷம் இருக்கறவர் அன்னிக்கு ஒழுங்கா ஏத்தியிருக்கலாம்ல?" என்றாள் ஜிஸ்னா.

இரண்டு வருடம் போனது. ஜெர்மனியில் நர்சிங் படிப்புக்கு ஆள் எடுத்தார்கள். எல்சியின் கனவு, வீட்டுக் கடன் எல்லாம் அதை நம்பித்தான் இருந்தன. கொச்சியில் நேர்முகம். ஜிஸ்னாவுக்கு முன்னால் உள்ளே போன பெண் அழுதுகொண்டே வெளியே வந்தாள். பத்தாம் வகுப்பில் விளையாட்டாகப் போட்ட ஒரு வீடியோவாம். மேஜை மேலேயே ஓடவிட்டுக் காட்டினார்களாம்.

அடுத்து ஜிஸ்னா உள்ளே போனாள்.

"உங்க பேரையும் போட்டோவையும் வெச்சு நெட்ல தேடினோம்" என்றார் அதிகாரி. "சர்ச்ல பாட்டுப் பாடற படம்தான் கிடைச்சது. நோயாளிகள்கிட்ட மரியாதையாப் பேசற ஆள்தான் எங்களுக்கு வேணும். வாழ்த்துகள்."

மறுநாளே எல்சி அச்சப்பம் சுட்டு டின்னில் நிறைத்துக் கொடுத்தாள். ஜிஸ்னா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். புறப்படத் தயாராக நின்றது அந்த பஸ்.

"சேட்டா, எனக்கு ஜெர்மனி கிடைச்சிருக்கு. உங்களாலதான். உங்க மானத்துக்காக நீங்க அலைஞ்சீங்க, அது என்னைக் காப்பாத்திடுச்சு. நான் பேசினதுக்கெல்லாம் மன்னிச்சுடுங்க." அவள் டின்னை நீட்டினாள்.

"அய்யே, கண்ணைத் துடை மோளே. போய் நல்லாப் படி." டின்னை வாங்கிக்கொண்டு, கூச்சத்தோடு பின்வாசல் பக்கம் நழுவினார் சுகுணன்.

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "அவனோட மானமா? அந்த வீடியோவில இவன் மூஞ்சி எங்கே இருந்துச்சு?"

ஜிஸ்னா யோசித்தாள். எத்தனையோ முறை பார்த்த வீடியோதான். ஒவ்வொரு முறையும் அவள் தன்னை மட்டுமே பார்த்திருந்தாள்.

"தோளும் பையும்தானே தெரிஞ்சுது! டைம் தப்பி நான் முதலாளிகிட்ட ஏச்சு வாங்கின அன்னிக்கு இவனைப் பிடிச்சுக் கேட்டேன், 'உனக்கு என்னடா நஷ்டம், பெல்லை அடிச்சுத் தொலைய வேண்டியதுதானே?'ன்னு. 'எனக்கு ஒண்ணும் இல்லேடா, அந்தப் பிள்ளையோட மூஞ்சி தெரியுதே'ன்னான்."